காலண்டருக்குப் பின்னால் போன பெட்டி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே விரித்து எழுதியது.)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "மின்சிக்கனம் பத்திப் பதினஞ்சு நிமிஷம் பேசுப்பா" என்றார். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. தேவையில்லாத விளக்கை அணையுங்கள் என்று சொல்ல ஒரு இன்ஜினீயர் எதற்கு? நம் வீட்டுப் பாட்டிமார்கள் மண்ணெண்ணெய் விளக்குக் காலத்திலிருந்தே அதைச் சொல்லி வருகிறார்கள். எனவே உபதேசத்தை விட்டுவிட்டு, நானே செய்து நானே தோற்றுப்போன ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

நாங்கள் இங்கே படித்துக்கொண்டிருந்த 2012-ஆம் ஆண்டு பலருக்கு நினைவிருக்கும். சென்னைக்குத் தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு. வெளியூர்களில் இன்னும் மோசம். லேபில் ரீடிங் எடுத்துக்கொண்டிருக்கும்போது கரண்டு போகும். எல்லோரும் "ஓ" என்று கத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடுவோம். வராந்தாவில் நின்றால் நம் பக்கத்துக்கே உரிய வேடிக்கை ஒன்று தோன்றும். வடக்கே எண்ணூரில் 450 மெகாவாட் அனல் மின்நிலையம், அதைத் தாண்டி அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின்நிலையம், வல்லூரில் இன்னொன்று. மாநிலத்துக்கே மின்சாரம் கொடுக்கிற ஊர்க்காரன் இருட்டில் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருப்பான். எண்ணூர் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டுவிட்டது. அதன் பிறகு 2024-இல் வடசென்னையில் 800 மெகாவாட்டில் ஒரு புதிய அலகு வந்தது. அந்த வேடிக்கைக்குப் பிறகு வருகிறேன்.

வேலைக்குப் போன பிறகு எனக்கு ஒரு எண்ணம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பவர் வந்து வெள்ளை அட்டையில் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போவார். பிறகு அதுவும் எஸ்.எம்.எஸ்.ஸாக மாறியது. அறுபது நாள் கழித்து வருகிற அந்த எண்ணைப் பார்த்து யார் என்ன செய்ய முடியும்? மளிகைக் கடையில் எந்தச் சாமானுக்கும் விலை எழுதாமல், மாதக் கடைசியில் மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது நம் கரண்டு கணக்கு. உடனுக்குடன் காட்டினால் மக்கள் தாமாகவே குறைப்பார்கள் என்று நினைத்தேன்.

செய்முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு எண் அச்சிட்டிருக்கும். எங்கள் வீட்டு மீட்டரில் 3200. அதாவது 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். (உங்கள் மீட்டரில் வேறு எண் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.) 75 வாட் ஃபேன் ஒன்று மட்டும் ஓடினால் நிமிஷத்துக்கு 4 மினுக்கல். 1500 வாட் இழுக்கும் ஏ.சி. ஓடினால் நிமிஷத்துக்கு 80. ஏறக்குறைய நம் நாடித்துடிப்பு! மீட்டரின் சீலைத் தொடாமல், கண்ணாடிக்கு வெளியே அந்தப் புள்ளிக்கு நேராக ஒளியை உணரும் சென்சாரை ஒட்டி, மினுக்கலை எண்ணி, வயர் இல்லாமல் வீட்டுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்கு அனுப்பினேன். பெட்டியின் திரையில் ஓடும் ரூபாய்க் கணக்கு, அதிகம் செலவானால் சிவப்பு விளக்கு, பக்கத்து வீட்டோடு ஒப்பீடு, மிச்சம் பிடித்தால் ஒரு குட்டி மரத்தின் படம். மொத்தம் நாலு பெட்டி. திருவொற்றியூரில் எங்கள் வீடு, பக்கத்து வீட்டு அண்ணன் வீடு, கத்திவாக்கத்தில் பெரியம்மா வீடு, ராயபுரத்தில் நண்பன் ஒருவன் வாடகைக்கு இருந்த மாடிப் போர்ஷன்.

ஒரு வாரம் ஒரே கொண்டாட்டம். ஃபேனைப் போட்டு நிறுத்தி, மிக்ஸியைப் போட்டு நிறுத்தி, எண் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தால், எங்கள் வீட்டுப் பெட்டிக்கு மேல் அம்மா தினசரி காலண்டரை மாட்டியிருந்தார்கள். கேட்டால், "அங்கதாண்டா ஆணி இருந்துச்சு" என்றார்கள். அண்ணன் வீட்டில் பெட்டியின் பிளக்கையே பிடுங்கி டி.வி.க்குப் பின்னால் வைத்துவிட்டார்கள்.

அந்த அண்ணன் துறைமுகப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட் பார்ப்பவர். காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் பிற்பகல்தான் எழுந்திருப்பார். சித்திரை வெயிலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையில், ஏ.சி. இல்லாமல் பகலில் யாரால் தூங்க முடியும்? அவர் தூங்குகிற நேரம் முழுக்க என் பெட்டி சிவப்பாக எரிந்திருக்கிறது. அண்ணி ஏதோ சொல்ல, அவர் ஏதோ சொல்ல, வீட்டில் சண்டை. என்னைப் பார்த்ததும் அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "தம்பி, கரண்ட்டுக்காரன் ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டிதான் வர்றான். உன் பொட்டி தினம் வந்து திட்டுது."

சர்க்யூட்டில் பிழை இருந்தால் கண்டுபிடிக்க நம் கல்லூரியில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இது வேறு விதமான பிழை. அப்போதுதான் உளவியல் பக்கம் போய்ப் படிக்க ஆரம்பித்தேன். நாம் ஒரு பேப்பரில்கூடப் படிக்காத பாடம்!

முதலில் கண்ணில் பட்டது, கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் 2010-இல் எழுதிய ஒரு கட்டுரை. வீட்டு மின்செலவைக் காட்டும் கருவிகள் எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டை தைக்கின்றன என்பது அவர்கள் புகார். புகைப்பழக்கத்தை விடுபவர்களை ஆராய்ந்த புரோசாஸ்கா முதலிய உளவியலாளர்கள் மனமாற்றத்தில் பல படிகள் உண்டு என்று கண்டார்கள். அதைப் பற்றி நினைக்கவே ஆரம்பிக்காதவர், யோசித்துக்கொண்டிருப்பவர், தயாராகிறவர், செய்துகொண்டிருப்பவர், செய்ததை விடாமல் காப்பாற்றுகிறவர். முதல் படியில் இருப்பவரிடம் ஐந்தாம் படிக்காரருக்கான தகவலைக் கொடுத்தால் அவர் எரிச்சல்படுவார், அவ்வளவுதான். அண்ணன் முதல் படி. எங்கள் அம்மா ஐந்தாம் படியில் இருபது வருஷமாக நிற்கிறவர். இரண்டு பேருக்கும் நான் ஒரே பெட்டியை மாட்டியிருக்கிறேன்.

அம்மா விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டுக் காட்டியதில், "நாமதான் கம்மியாச்சே" என்று அவருக்கு ஒரு நிம்மதி. அது வரை அணைத்து வைத்திருந்த ஹால் ஃபேன் மத்தியானத்தில் ஓட ஆரம்பித்தது. இதை 2007-லேயே கண்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் சான் மார்கோஸ் என்ற ஊரில் ஷுல்ட்ஸ், சியால்டினி முதலியோர் வீடு வீடாகச் சீட்டு கொடுத்து, உங்கள் அக்கம்பக்கத்தின் சராசரி இவ்வளவு என்று தெரிவித்தார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். ஆனால் குறைவாகச் செலவழித்தவர்கள் சராசரியை நோக்கி ஏறிவிட்டார்கள். சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்து கொடுத்த வீடுகளில் அந்த ஏற்றம் இல்லை. 'நீங்கள் செய்வது நல்லது' என்ற அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு பலம். என் பெட்டியில் திட்டுவதற்குச் சிவப்பு விளக்கு இருந்ததே ஒழிய, பாராட்ட ஒரு ஏற்பாடும் இல்லை. மரப்படம் இருந்ததே என்பீர்கள். அதற்கு வருகிறேன்.

இப்படிப்பட்ட ஒப்பீட்டுச் சீட்டுகளைப் பெரிய அளவில் அமெரிக்காவில் ஆறு லட்சம் வீடுகளில் கொடுத்துப் பார்த்தபோது சராசரியாக இரண்டு சதவீதம் குறைந்ததாக 2011-இல் ஒரு ஆய்வு வெளியானது. இரண்டே சதவீதம். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், இந்தத் துறையில் யாராவது ஐம்பது சதவீதம் என்று சொல்லிப் பொருள் விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடலாம்.

அடுத்தது பணம். "எல்லாம் சரிப்பா, ரூபாயைக் காட்டினால் குறைக்க மாட்டானா?" என்று நம் வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன். 1971-இல் எட்வர்டு டெசி என்பவர் கல்லூரி மாணவர்களிடம் சோமா என்ற புதிரைக் கொடுத்தார். சும்மா கொடுத்தபோது ஆர்வமாக ஆடினார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் புதிருக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார். பிறகு காசை நிறுத்தியதும், அந்தப் பிரிவினர் ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது குறைந்தது. டெசியும் ரிச்சர்டு ரையனும் பிற்காலத்தில் இதை ஒரு முழுக் கோட்பாடாகவே வளர்த்தார்கள். மனிதன் ஒரு காரியத்தில் ஊன்றி நிற்க மூன்று வேண்டும் என்கிறார்கள்: நானாக எடுத்த முடிவு என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, என் மனிதர்களோடு சேர்ந்து நிற்கிறேன் என்ற உணர்வு.

அது அமெரிக்கா, நம் ஊருக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு இந்திய உதாரணம். அனந்த் சுதர்ஷன் என்ற பொருளாதார ஆய்வாளர் டில்லிக்கு அருகே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாராவாரம் ஒப்பீட்டு அறிக்கை கொடுத்துப் பார்த்தார். 2017-இல் வெளியான அவர் கட்டுரைப்படி, வெறும் அறிக்கை பெற்ற வீடுகளில் கோடைக்கால மின்செலவு 7 சதவீதம் குறைந்தது. அறிக்கையோடு, குறைத்தால் பணப்பலன் என்றும் சேர்த்தபோது அந்தக் குறைவு காணாமல் போய்விட்டது.

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு என் பெட்டியையே பார்த்தேன். 2022 செப்டம்பர் கட்டணத்தில் யூனிட் நாலரை ரூபாய் என்ற படிநிலையில் இருக்கும் வீட்டில் ஒரு ஃபேன் ஒரு மணி நேரம் ஓடினால் 34 காசு. அதை நான் பெரிய எழுத்தில் காட்டுகிறேன்! பார்க்கிறவர் என்ன நினைப்பார்? "முப்பத்திநாலு காசுதானே, ஓடட்டும்." பணத்தைக் காட்டி நானே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் வடசென்னையில் பணம் முக்கியமில்லை என்று நான் சொன்னால் இங்கிருக்கிற தாய்மார்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். எங்கே காட்டுகிறோம் என்பதுதான் விஷயம். அதே 2022 கட்டணத்தில் இரண்டு மாதத்துக்குச் சரியாக 500 யூனிட் ஓடினால் 1725 ரூபாய். 501 ஓடினால் 1958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியின் சலுகை விலை போய்விடுவதுதான் காரணம். 2024 ஜூலையில் விகிதங்கள் இன்னும் ஏறின. ஆக, அறுபது நாளில் ஏதோ ஒரு நாள் பணம் உரக்கப் பேசுகிறது. மற்ற ஐம்பத்தொன்பது நாளும் முணுமுணுக்கிறது. நான் முணுமுணுப்பைத்தான் திரையில் போட்டிருந்தேன்.

சரி, இரண்டாவது பெட்டிக்கு வருவோம். ரூபாயை எடுத்தேன். சிவப்பை எடுத்தேன். அண்டை வீட்டு ஒப்பீட்டையும் எடுத்தேன். அறுபது புள்ளிகள் மட்டும் வைத்தேன், கோலப்புள்ளி மாதிரி. நாளுக்கு ஒன்று ஏற்றப்படும். போகிற வேகத்தில் போனால் அறுபதாம் நாள் எவ்வளவு வரும் என்று கீழே ஒரு எண். எந்த எண்ணுக்குள் நிற்க வேண்டும் என்பதை வீட்டுக்காரரே திருகி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பெட்டி சும்மா இருக்கும். 1978-இல் லாரன்ஸ் பெக்கர் என்பவர் நியூஜெர்சியில் 80 குடும்பங்களைக் கொண்டு செய்த ஆய்விலிருந்து வந்த யோசனை இது. சில வீடுகளுக்கு 2 சதவீதம் குறையுங்கள் என்ற எளிய குறி, சில வீடுகளுக்கு 20 சதவீதம் என்ற கடினமான குறி. ஒவ்வொன்றிலும் பாதிப் பேருக்கு மட்டும் வாரம் மூன்று முறை தகவல். கடினமான குறியும் தகவலும் சேர்ந்த வீடுகள் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு குறைத்தன, 13 முதல் 15 சதவீதம். எளிய குறியோடு வந்த தகவலும் வீண், தகவல் இல்லாத குறியும் வீண். ஆனால் பெக்கர் குறியைத் தாமே கொடுத்தார். டெசி சொன்னதை வைத்து, அதை வீட்டுக்காரர் கையில் விட்டேன்.

அண்ணன் பெட்டியைத் தொடவில்லை. அவர் மகள்தான் தொட்டாள். பத்தாம் வகுப்பு. 2023 மார்ச், ஏப்ரலில் 580 யூனிட் வந்து 2590 ரூபாய் கட்டிய வீடு அது. 2024-இல் அதே இரண்டு மாதத்துக்கு அவள் 500 என்று திருகி வைத்தாள். ஏ.சி.யை அவள் தொடவே இல்லை, அப்பாவின் தூக்கம் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் அது முன்பு தெரியவில்லை. ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு, அப்பா ஷிப்டுக்குப் போன பிறகு, ஃபேன், லைட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மாடிப்படிக்குக் கீழே மீட்டர் முன்னால் போய் உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். நிமிஷத்துக்கு 8 மினுக்கல். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து மறுபடி எண்ணினால் அதே 8. அதாவது 150 வாட், நிற்காமல். ஃப்ரிட்ஜ்! கதவு ரப்பர் தளர்ந்து குளிர் ஒழுகிக்கொண்டிருக்க, கம்ப்ரஸர் ராப்பகலாக ஓடியிருக்கிறது. கணக்குப் போட்டால் அறுபது நாளுக்கு 216 யூனிட். மெக்கானிக்கை வரவழைத்து ரப்பர் மாற்றினார்கள். அதன் பிறகு கொஞ்ச நேரம் மினுக்கி, கொஞ்ச நேரம் சும்மா இருந்தது மீட்டர். அந்தத் தடவை 488 யூனிட், 1653 ரூபாய். கோடைக்குக் கோடை வெயில் மாறும். ஒரு வீட்டை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி முடிவு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெண் தெருவில் நாலு வீட்டு ஃப்ரிட்ஜுக்கு இரவில் நாடி பார்த்துவிட்டாள். அவளுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

சில மாதம் கழித்து அண்ணன் என்னைத் தெருமுனையில் நிறுத்தி, "ஏன் தம்பி, ஏ.சி.ய இருபத்தாறுல வெச்சா நிமிஷத்துக்கு எத்தினி துடிக்கும்?" என்று கேட்டார். நான் எதுவும் சொல்லவில்லை, எண்ணிப் பாருங்கண்ணே என்றேன். (2020 ஜனவரி முதல் புதிய ஸ்டார் ஏ.சி.களைப் போட்டவுடன் 24 டிகிரியில் நிற்கும்படி செய்யவேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. உபதேசமே செய்யாத நல்ல டிசைன் அது. அண்ணனுடையது அதற்கு முந்திய பெட்டி.)

இனி கத்திவாக்கம். பெரியம்மா வீட்டுப் பெட்டியில் மரப்படம் வந்ததும் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "இன்னாடா இது, மரமா? காயப்போட்ட துணியில சாம்பல் உதறி மடிக்கிறேன், எனக்கு மரம் காட்டுறியா?" என்றார். அவர் தெருவைத் தாண்டினால் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம். ஆற்றில் சாம்பல் படிந்த கதை உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து வலையெல்லாம் கறுத்ததும் தெரியும். அவர் கேட்டது: "பொகை இங்க, கரண்டு யாருக்கோ. நான் ஒரு லைட்டை அணைச்சா அந்தப் பொகை கொறையுமா? சொல்லு."

குறையாது. அப்படியேதான் சொன்னேன். பெரியம்மா வீட்டில் ஓடுவது இரண்டு ஃபேன், ஒரு டி.வி. 2016-இல் முதல் 100 யூனிட்டை அரசு இலவசமாக்கியதிலிருந்து பல முறை பில்லே வராத வீடு. குறைக்க அவரிடம் என்ன இருக்கிறது? சுற்றுச்சூழல் என்பதைக் காரணமாகக் காட்ட நாட்டில் எத்தனையோ வீடு இருக்க, அதற்கு ஏற்கெனவே விலை கொடுத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு நான் போய் மரம் காட்டியிருக்கிறேன். பெட்டியைக் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். அவர் காபி கொடுத்துத்தான் அனுப்பினார்.

ராயபுரம் மாடிப் போர்ஷன் கதை வேறு. அங்கே வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து எத்தனை யூனிட் ஓடினாலும் ஒரே விலை வாங்குகிறார். இலவச யூனிட்டும் இல்லை, படியும் இல்லை. கதவு ரப்பர் போன ஃப்ரிட்ஜும் வீட்டுக்காரருடையது. நண்பன் எண்ணைத் திருகி வைத்தான், அதற்குள் நின்றும் காட்டினான்; அடுத்த மாதம் போர்ஷனைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். டெசி சொன்ன மூன்றில் முதலாவது, நானாக எடுத்த முடிவு என்பது, வாடகைக்காரருக்கு எங்கிருந்து வரும்? இதற்கு என்னிடம் பெட்டி இல்லை. நம் பகுதியில் இப்படிப்பட்ட போர்ஷன்கள் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். மின்னியல் மாணவர்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு விஷயம் தேடி அலைவதாகக் கேள்விப்பட்டேன். இதை எடுத்துக்கொள்ளுங்கள். சமூகவியல் படிக்கிற நண்பர் ஒருவரையும் கூடச் சேர்த்துக்கொண்டால் நல்லது.

வெளியே பதிவு மேஜை பக்கத்தில் இரண்டாவது பெட்டியை வைத்திருக்கிறேன். பெரியம்மா வீட்டிலிருந்து கழற்றியதன் உடம்புதான் அது, மரம் மட்டும் இல்லை. சாப்பாட்டுக்கு முன் வந்தால் திறந்தே காட்டுகிறேன். இந்த அரங்கத்துக்கு மாட்டலாமா என்று முதல்வர் காலையில் கேட்டார்கள். இங்கே மூன்று ஃபேஸ் இணைப்பு ஐயா, பெட்டிக்கு இன்னும் அந்த வயசு வரவில்லை.